லயத்துப் பிள்ளையின் முகம் ஏன் மங்கலாக இருக்கிறது?

தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி நமது பத்திரிகைகளிலும் சஞ்சிகைகளிலும் தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளிலும் வெளிவரும் படங்களை ஒருமுறை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். குப்பி விளக்கின் முன்னே குனிந்திருக்கும் சிறுமி. லயக் காம்பராவின் மூலையில் தம்பியை மடியில் வைத்திருக்கும் அக்காள். பிள்ளை மடுவத்தில் தொட்டில்களுக்கிடையே தவழும் குழந்தை. படங்கள் வேறு, ஆண்டுகள் வேறு, எடுத்தவர்கள் வேறு. ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. பிள்ளையின் முகம் தெரியாது. கறுப்பு, அல்லது கலங்கல், அல்லது இரண்டும்.

அதே பத்திரிகையின் அதே இதழில் பிறந்தநாள் வாழ்த்துப் பகுதியைப் புரட்டுங்கள். வெள்ளவத்தைப் பிள்ளையின் கண்ணிமை மயிரை எண்ணிவிடலாம். அரசியல் பக்கத்தில் அமைச்சரின் சட்டைப் பித்தான் பளிச்சென்று தெரியும். அமைச்சரின் மூக்கு கொஞ்சம் கலங்கியிருந்தால் அந்தப் படம் பக்கத்தில் ஏறியிருக்காது. ஏறியிருந்தால் மறுநாள் காலையில் யாரோ ஒருவர் விளக்கம் எழுதிக் கொடுத்திருப்பார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகை மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். தோட்டத்துப் பிள்ளையின் முகம் கலங்கியதற்காக எவரும் விளக்கம் கேட்டதை நான் கண்டதில்லை. மாறாக, "எவ்வளவு உருக்கமான படம்!" என்ற பாராட்டைத்தான் கேட்டிருக்கிறேன்.

உருக்கமும் இல்லை, கலையும் இல்லை. அது அசட்டை. இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான். இருட்டான அறையில் பிள்ளையைத் தெளிவாகப் படம் பிடிப்பது இன்று எளிய காரியம். எளிய காரியம் திரும்பத் திரும்பச் செய்யப்படாமல் விடப்படுகிறது என்றால், செய்யத் தெரியவில்லை என்பது காரணமாக இருக்க முடியாது. செய்ய வேண்டும் என்று தோன்றவில்லை என்பதே காரணம்.

சப்ரகமுவத் தோட்டங்களில் இந்த அநீதி இன்னும் கூடுதலாக இருக்கிறது. மலையகம் என்றாலே ஹட்டன், நுவரெலியா என்று நினைக்கும் பழக்கம் நமக்கு. பச்சைக் கம்பளம், பனி மூட்டம், கொழுந்துக் கூடை எல்லாம் அங்கேதான். இரத்தினபுரியிலும் கேகாலையிலும், சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குக் கமரா போவது அபூர்வம். பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் இடையிலுள்ள ஓப்பநாயக்கவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் களனிவெளி ரயில் பாதையின் கடைசி நிலையம் அது. அந்த ரயிலும் போய்விட்டது. இப்போது நெடுஞ்சாலையில் வாகனங்கள் நிற்காமல் கடந்து போகும் சிறு நகரம். அதைச் சூழ்ந்த தோட்டங்களுக்குப் படப்பிடிப்பாளர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவார். மண்சரிவு வந்தால் வருவார். 2023 இல் 'மலையகம் 200' நினைவுகூரப்பட்டபோது சிலர் வந்தார்கள். அப்படி அபூர்வமாக எடுக்கப்படும் ஒரு படத்திலும் பிள்ளை கரும்புள்ளியாகப் போனால், அந்தப் பிள்ளைக்கு அடுத்த வாய்ப்பு எப்போது?

"வெளிச்சம் இல்லையே, என்ன செய்வது?" என்பதே எல்லோரும் சொல்லும் பதில். இந்தப் பதிலைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகு நாட்களாக ஆசை. ஓப்பநாயக்கப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், மேகம் மூடிய ஒரு முற்பகலில், ஒரு காம்பராவின் வெளிச்சத்தைக் கமராவைக் கொண்டே அளந்து பார்த்தேன். ஐ.எஸ்.ஓ. 800, லென்ஸின் துளை எஃப் 2.8. இஸ்தோப்பை ஒட்டிய வாசற்படியில் கமரா காட்டிய ஷட்டர் வேகம் 1/500 விநாடி. எட்டு அடி உள்ளே தள்ளி, அடுப்படிச் சுவரோரம் காட்டியது 1/15 விநாடி. எட்டே அடியில் வெளிச்சம் முப்பது பங்கில் ஒரு பங்காகிவிடுகிறது. சன்னல் என்று பெயருக்கு ஒரு பலகைக் கதவு. விறகுப் புகையில் கறுத்த சுவர். அதற்கு மேல் கறுத்த தகரம். அறை இருட்டுதான். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் கணக்கை முடித்துவிட்டுப் பேசுவோம். குழந்தை அசையும். நாற்காலியில் உட்கார்ந்து பேசும் பிள்ளைக்கு 1/125 விநாடியாவது வேண்டும். விளையாடும் பிள்ளைக்கு 1/250 அல்லது அதற்கும் விரைவு. கமராவின் கை நடுக்கத் தடுப்பு வசதி நமது கை அசைவை மட்டுமே தடுக்கும், பிள்ளையின் அசைவை அன்று. ஆகவே 1/15 விநாடியில் எடுத்தால் கலங்கும் என்பது உறுதி. சரி, ஐ.எஸ்.ஓ.வை 6400க்கு உயர்த்துங்கள். எட்டு மடங்கு வேகம் கிடைக்கும். துளையை எஃப் 1.8க்குத் திறவுங்கள், மேலும் இரண்டு மடங்குக்குக் கூடுதல். இப்போது அதே இருட்டு மூலையில், அதே அடுப்படிச் சுவரோரம், ஷட்டர் வேகம் 1/250ஐத் தாண்டிவிடுகிறது. ஓடும் பிள்ளையையே நிறுத்திவிடலாம். எஃப் 1.8 துளையுள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸ் பெரும்பாலான கமராக் கம்பனிகளின் பட்டியலில் மிக மலிவான லென்ஸ்களில் ஒன்று. கமராவோடு சேர்த்துக் கிடைக்கும் சாதாரண ஸூம் லென்ஸை இழுத்து எஃப் 5.6இல் எடுப்பதைவிட அது ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். வெளிச்சம் இல்லை என்று சொல்பவர்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கைப் போட்டார்கள்?

ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினால் படத்தில் புள்ளி விழும் என்று அஞ்சுகிறார்கள். பத்திரிகைத் தாளில் படம் அச்சாவதே புள்ளிகளால்தான். அந்தத் தாளில் கமராப் புள்ளியை எவர் கண்டுபிடிக்கப் போகிறார்? புள்ளியைப் பின்னர் ஓரளவு குறைக்கலாம். அசைவினால் கலங்கிய முகத்தை எந்த மென்பொருளாலும் உள்ளபடி மீட்க முடியாது; அது இட்டு நிரப்பும் முகம் வேறு யாருடையதோ ஆகிவிடும். புள்ளி விழுந்த முகம் முகமே. கலங்கிய முகம் முகமன்று. இந்த எளிய விடயத்தைப் படப்பிடிப்பு வகுப்புகளில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கலாம்.

கைபேசியில் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இருட்டில் தானாக இயங்கும் 'இரவு முறை' பல படங்களை ஒரு விநாடியோ அதற்கு மேலோ தொடர்ந்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. கட்டடத்துக்கும் கோயில் கோபுரத்துக்கும் அது நன்று. பிள்ளைக்கு அது பகை. அதை நிறுத்திவிடுங்கள். விரலால் பெருப்பிக்காமல் பிரதான லென்ஸிலேயே வைத்துக்கொண்டு நீங்கள் நெருங்கிப் போங்கள். உங்களுக்கு அருகில் உள்ள கண்ணின் மேல் திரையைத் தொட்டுவிட்டு, நாலைந்து படங்கள் அடுத்தடுத்து எடுங்கள். ஒன்று தெளிவாக விழும்.

இனி பிளாஷ் பற்றி. இருட்டுக்குப் பிளாஷ் மருந்து என்று நினைப்போர் பலர். ஏழைகளின் அறைக்குள் பிளாஷ் வெளிச்சத்தைக் கொண்டுபோனவர்களில் முன்னோடி ஜேக்கப் ரீஸ் என்ற நியூயோர்க் பத்திரிகையாளர். 1880களின் இறுதியில், நெருக்கமான குடியிருப்புகளுக்குள் இரவில் நுழைந்து, வெடித்து எரியும் பொடியைக் கொளுத்திப் படம் எடுத்தார். 1890 இல் வெளிவந்த அவரது நூல் குடியிருப்புச் சீர்திருத்தத்துக்கு உதவியது உண்மை. அந்த முயற்சியில் தான் இரு தடவை வீட்டுக்கும் ஒரு தடவை தனக்குமே தீ வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். தூக்கத்திலிருந்து திடுக்கிட்டெழுந்த முகங்கள் அவர் படங்களில் இருக்கின்றன. படம் பிடிபட்டவர்கள் என்ற சொல் அவர்களுக்கு அப்படியே பொருந்தும்.

லயக் காம்பராவில் பிளாஷ் இன்னொரு காரணத்தாலும் உதவாது. "பிளாஷை மேலே திருப்பி, வெள்ளைக் கூரையில் பட்டுத் தெறிக்க விடுங்கள்" என்று கைந்நூல்கள் சொல்லும். வெள்ளைக் கூரை இருக்கும் வீடுகளுக்காக எழுதப்பட்ட கைந்நூல்கள் அவை. புகை படிந்த தகரம் வெளிச்சத்தைத் தெறிக்க விடாது, விழுங்கிவிடும். நேரே அடித்தால் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும். இரு மடங்கு தூரத்தில் நாலில் ஒரு பங்கு. முன்னால் நிற்கும் பிள்ளையின் நெற்றி வெளிறும், பின்னால் நிற்கும் தங்கை கறுத்துப் போவாள். காம்பராவே குகை மாதிரி ஆகிவிடும்.

பிறகு எப்படித்தான் எடுப்பது? நான் அளந்துகொண்டிருந்த காம்பராவின் தாயே அதைச் சொன்னார்: "உள்ள இருட்டா கெடக்கு சார். வாசலுக்கு வரச் சொல்றேன், எடுங்க." பிள்ளையை வாசலிலிருந்து இரண்டடி உள்ளே, வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழும்படி உட்கார வையுங்கள். நீங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். படத்தில் விழும் இருட்டில் பாதி படம் எடுப்பவரின் முதுகினால் வருவது. வாசலைப் பிள்ளையின் பின்னால் வைத்தும் எடுக்காதீர்கள். கமரா வாசலின் ஒளிக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டு முகத்தைக் கைவிட்டுவிடும். பாடசாலைச் சீருடையின் வெள்ளைக்கு இரண்டு குணம் உண்டு. அது நாடிக்கு அடியில் இதமான ஒளியைத் தெறிக்க வைக்கும்; அதே வேளை, கமராவை ஏமாற்றி முழுப்படத்தையும் கறுக்கச் செய்யும். ஆகவே ஒளி அளவை ஒரு படி கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளை பிரிஸ்டல் போர்ட்டைப் பிள்ளையின் மறு பக்கத்தில் அண்ணனைப் பிடிக்கச் சொன்னால் மற்றக் கன்னமும் தெளியும். செலவு ஒரு போர்ட்டின் விலை.

ஒளி அளவு என்றதும் தோலின் நிறம் பற்றியும் சொல்லியாக வேண்டும். கமராவின் கறுப்பு-வெள்ளைத் தீர்ப்பு வானத்திலிருந்து வந்ததன்று. கொடக் கம்பனி பல தசாப்தங்களாகத் தனது வண்ணப் பிரதிகளைச் சரிபார்க்க அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷேர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் படம் சரி. பிரெஞ்சு இயக்குநர் கொதார் 1970களின் இறுதியில் மொசாம்பிக்கில் பணியாற்றியபோது அந்தப் படச்சுருள் இனவாதம் கொண்டது என்று சொல்லி ஒதுக்கினார். கறுத்த நிறங்களின் நுணுக்கம் தெரியும்படி படச்சுருளைத் திருத்தத் தூண்டியவர்கள் யார் தெரியுமா? கறுப்புத் தாய்மார் அல்லர். தமது பண்டத்தின் நிறபேதம் விளம்பரத்தில் தெரியவில்லை என்று முறையிட்ட சொக்லேட் உற்பத்தியாளர்களும் மரத் தளபாடக் கம்பனிகளும்தான் என்று கொடக்கில் பணியாற்றியவர்களே பின்னர் கூறியிருக்கிறார்கள். 2021 இல் கூகுள் தனது கைபேசியில் கருநிறத் தோலைச் செவ்வையாகக் காட்டும் வசதியை ஒரு புதுமையாகவே விளம்பரம் செய்தது. மேற்கு திருந்தத் தொடங்கிவிட்டது. நமது பிள்ளையை நமது தோல் நிறமுடைய நாமே கரியாக அச்சிட்டுக்கொண்டிருக்கிறோம்.

"கலங்கல் ஒரு கலை வடிவம்" என்று வாதிடும் நண்பர்களுக்கு என்னிடம் பதில் உண்டு. அவர்களுடைய வாதத்துக்கு மிகப் பெரிய சாட்சி நமது மலையகத்திலேயே புதைக்கப்பட்டிருக்கிறார். ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் பொகவந்தலாவையில், புனித மரியாள் தேவாலயத்தில் உறங்குகிறார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் இறந்தார். படங்களை மென்மையாகக் கலங்க விட்டு, எது தெளிவு என்று தீர்மானிக்க எவருக்கு உரிமை என்று கேட்டவர் அவர். ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் ஆடாமல் இருக்க வேண்டிய காலம் அது. தனது முதல் வெற்றி என்று அவர் கொண்டாடிய 1864 ஆம் ஆண்டுப் படம் ஒரு குழந்தையுடையது; 'ஆனி' என்று அதற்குப் பெயரிட்டார். இங்கிலாந்தில் அவர் எடுத்த பிள்ளைகளில் பலர் இன்னார், இன்னாருடைய மகள் என்பது இன்றும் தெரியும். இலங்கையில் அவர் எடுத்த தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் பெயரில்லை. கலங்கலைப் பற்றிய என் கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. தெரிந்த முகத்தை மென்மையாக்குவது கலையாக இருக்கலாம். பெயரும் தெரியாத ஒருவரின் முகத்தையும் அழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன? அம்மையார் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்வேன்: தெளிவைத் தீர்மானிக்கும் உரிமை படத்தில் இருக்கும் பிள்ளைக்கு உண்டு.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் வலிமையானது. "இருட்டுத்தான் அந்த வீட்டின் உண்மை. பிள்ளையை வாசலுக்கு அழைத்து வந்து அழகாக எடுத்தால் வறுமையை மறைத்தவர்கள் ஆகமாட்டோமா?" என்று ஒரு நண்பர் மின்னஞ்சலில் கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் வறுமையை மறைப்பது கலங்கல்தான். தெளிவான படத்தில் சுவரின் கரி தெரியும், தகரத்தின் ஓட்டை தெரியும், பாடப்புத்தகம் எந்த வகுப்புக்குரியது என்பது தெரியும், பிள்ளையின் கை மெலிவு தெரியும். அவை சான்றுகள். 1908 முதல் அமெரிக்கத் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஆலைகளுக்குள் நுழைந்த லூயிஸ் ஹைன் இதை அறிந்திருந்தார். பிள்ளையின் பெயர், வயது, வேலை நேரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். தனது அங்கியின் பித்தான்களை அளவுகோலாக வைத்துப் பிள்ளையின் உயரத்தைக்கூடக் கணித்தார். அவரும் பிளாஷ் பொடியைக் கொளுத்தியவர்தாம். ரீஸிலிருந்து அவர் வேறுபட்டது பார்வையில். அவருடைய பிள்ளைகள் கமராவை நேரே பார்க்கிறார்கள். அமெரிக்கக் குழந்தைத் தொழிற் சட்டங்களுக்கான போராட்டத்தில் அந்தப் படங்கள் ஆயுதமாயின. கலங்கிய படத்தை எந்த அதிகாரியின் மேசையிலும் சான்றாக வைக்க முடியாது. அது இரக்கத்தை மட்டுமே யாசிக்கும்.

உண்மை உண்மை என்பவர்களிடம் இதையும் கேட்க வேண்டும். மின்சாரம் உள்ள காம்பராவில் குமிழை அணைக்கச் சொல்லி, குப்பி விளக்கை ஏற்றச் சொல்லி, பிள்ளையை அதன் முன் குனிய வைத்து எடுத்த படங்கள் எத்தனை? அப்படி எடுத்ததாகப் பெருமையாகச் சொன்னவர்களை நான் அறிவேன். அந்தப் படங்களில் இருட்டைச் செய்தது வறுமையன்று, படப்பிடிப்பாளர்.

பிள்ளையின் அடையாளத்தை மறைக்க வேண்டிய வேளைகள் உண்டு. துன்புறுத்தலுக்கு ஆளான பிள்ளை, வழக்கில் சிக்கிய பிள்ளை. அங்கே கலங்கல் பாதுகாப்பு ஆகாது, ஊரார் சட்டையைக் கண்டே ஆளைச் சொல்வார்கள். அந்தப் படத்தை எடுக்கவே கூடாது. மற்ற வேளைகளில் தாயிடம் கேளுங்கள், பிள்ளையிடமும் கேளுங்கள். மறுத்தால் கமராவை மூடிவிடுங்கள். பிஸ்கட் பக்கற்றைக் காட்டிச் சம்மதம் வாங்காதீர்கள்.

ஒரு படத்துக்கு ஏன் இவ்வளவு ஆவேசம் என்று கேட்கலாம். இந்த மக்களின் வரலாற்றில் படம் என்பது அலங்காரப் பொருளாக இருந்ததில்லை. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின்னர் கடவுச்சீட்டுக்காக ஸ்டூடியோவுக்குப் போய் விறைத்து நின்று எடுத்த படமே, நான் பார்த்த பல காம்பராக்களில் குடும்பத்தின் மிகப் பழைய படம். எஞ்சியிருந்தோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் வர 2003 ஆகிவிட்டது. நீ யார் என்று அரசு கேட்டபோதெல்லாம் முகத்தைக் காட்டித் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்த சமூகம் இது. அந்தச் சமூகத்தின் பேரப்பிள்ளையை, முகமில்லாத உருவமாக நாம் அச்சிடுகிறோம்.

ஆகவே சக பத்திரிகையாளருக்கும், தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து உதவியோடு வரும் அன்பர்களுக்கும் என் கோரிக்கை இது. எடுத்த படத்தை அந்த இடத்திலேயே பெருப்பித்துப் பாருங்கள். பிள்ளையின் கண்மணியில் வாசலின் வெளிச்சம் ஒரு சிறு சதுரமாகத் தெரிகிறதா? தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் இன்னொன்று எடுங்கள். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பிரதியை அச்சிட்டு அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். படங்களைத் தெரிவு செய்யும் ஆசிரியர்களே, முகம் தெரியாத பிள்ளையின் படம் மேசைக்கு வந்தால், அமைச்சரின் படத்துக்குச் செய்வதைச் செய்யுங்கள். திருப்பி அனுப்புங்கள்.